உயிரியலுக்குள் ஒளிந்திருந்த கணக்கு

உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவுசெய்தபோது கணக்கிடமிருந்து தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறப்புரிமையியலில் மெண்டலின் பட்டாணிகளைப் படித்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. உருண்டை வித்துகள் 5,474, சுருங்கியவை 1,850. வகுத்துப் பாருங்கள், 2.96 வரும். "ஏறத்தாழ 3:1" என்று எழுதிவிடுகிறோம். அந்த 'ஏறத்தாழ' எவ்வளவு தூரம் போகலாம்? அதைச் சொல்வது புள்ளிவிபரவியலாளரின் வேலை.

இங்கிலாந்தின் ரொனால்ட் பிஷர் அதைத்தான் செய்தார். 1936இல் மெண்டலின் பெறுபேறுகளைச் சோதித்து, அவை எதிர்பார்க்கக்கூடியதைவிட அளவுக்கு மீறி நன்றாகப் பொருந்துகின்றன என்றார். தற்செயல் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாதாம்! (எனது ஆய்வுகூடக் கொப்பியை அவர் பார்க்காதது நல்லது.) அதற்கு முன்பே, 1918இல், உயரம் போன்ற இயல்புகளைப் பல பரம்பரை அலகுகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தீர்மானிக்கலாம், அது மெண்டலின் விதிகளுக்கு முரணல்ல என்று கணித ரீதியாகக் காட்டியிருந்தார்.

அன்று எண்ணி முடித்த பின் சரிபார்த்தவர், இன்று ஆய்வு தொடங்கும் முன்பே தேவைப்படுகிறார். மனித மரபணுத்தொகுதித் திட்டம் 2003இல் நிறைவடைந்தது. நம் டீ.என்.ஏ.யில் ஏறத்தாழ 300 கோடி மூலச்சோடிகள் உள்ளன. அவற்றில் ஆளுக்கு ஆள் வேறுபடும் 10 இலட்சம் இடங்களை எடுத்து, நீரிழிவு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான 5 சதவீத அளவுகோலைப் பிடித்தால், ஓர் இடத்துக்கேனும் நோயோடு தொடர்பில்லாவிட்டாலும் சுமார் 50,000 இடங்கள் தொடர்புள்ளவை போலத் தோன்றும்! அதனால்தான் இவ்வகை ஆய்வுகளில் 2 கோடியில் ஒன்று என்ற கடுமையான எல்லையை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் உம்மும்மாவுக்கும் வாப்பாவுக்கும் சீனி வருத்தம். எனக்கும் வருமா? இப்படிப்பட்ட பல இடங்களின் சிறு பங்குகளைக் கூட்டி ஒருவரின் ஆபத்தைக் கணிக்க இப்போது முறைகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் பங்குபற்றியவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஒரு வேறுபாடு எத்தனை பேரிடம் உள்ளது, அருகிலுள்ள இடங்களோடு அது எப்படிச் சேர்ந்து வருகிறது என்பது மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். ஆகவே அவர்களை வைத்துச் செய்த கணிப்பு தெற்காசியர்களாகிய நமக்கு அதே துல்லியத்தோடு பொருந்துவதில்லை. உம்மும்மாவைப் போன்றவர்கள் எத்தனை பேரைச் சேர்த்தால் அது சரிவரும் என்று சொல்ல வேண்டியவர்களும் புள்ளிவிபரவியலாளர்களே.

கணிதப் பிரிவில் படிக்கும் தோழியின் நிகழ்தகவுக் கொப்பியை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன்.