காட்டின் கணக்கு

நுழையுமுன்

ஒரு பொருளின் இயல்பை அறிய விரும்பும் அறிவியலார் அதனை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்து சோதிப்பர். காட்டை அவ்வாறு கொண்டுவர இயலாது. நூறு ஆண்டுகளுக்குப் பின் அது எவ்வாறு இருக்கும் என்பதைக் காத்திருந்து காணவும் இயலாது. அவ்விடத்துக் கணக்கு துணைசெய்கிறது. அக்கணக்கைப் பற்றியும், அதனைத் தொழிலாகக் கொள்ளும் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றியும் இப்பாடத்தில் அறிவோம்.

சேஷாசலத்தின் செம்மரம்

திருப்பதியை ஒட்டியுள்ள சேஷாசல மலைகள் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. 2010ஆம் ஆண்டு இம்மலைப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இங்கு வளரும் செம்மரம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. வறண்ட, பாறைப்பாங்கான நிலத்திற்குப் பழகிய இம்மரம் வறட்சிக் காலத்தில் இலையுதிர்த்து நீரைச் சேமிக்கும். இது மிக மெதுவாக வளர்வது. இன்று முளைக்கும் கன்று வயிரம் பாய்ந்த மரமாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் வெப்பமும் மழையும் மாறிவிடின் அது தாங்குமா? விலங்கைப்போல் வேறிடம் பெயர்தல் மரத்திற்கு இயலாது. சிறகமைந்த அதன் காயைக் காற்று கொண்டு சேர்க்கும் தொலைவே அதன் பயணம். இத்தகைய வினாக்களுக்கு விடை தேடும் துறையே சூழல்மண்டல மாதிரியாக்கம்.

மாதிரி என்பது யாது?

ஓர் ஏரியில் இன்று 100 பங்கு நீர் உள்ளதாகக் கொள்வோம். மழையால் 20 பங்கு வந்து சேர்கிறது. வெயிலில் 5 பங்கு ஆவியாகிறது. மதகின் வழியே 10 பங்கு வயலுக்குப் பாய்கிறது. எனவே, நாளைய இருப்பு 105 பங்கு. வரவு, செலவு, இருப்பு என்னும் மூன்றும் அமைந்த இக்கணக்கே எளிய மாதிரி.

காட்டின் கணக்கும் இத்தகையதே. இலைகள் காற்றிலிருந்து ஈர்க்கும் கரியமில வாயு வரவு. சுவாசத்தாலும் மட்குதலாலும் மீண்டும் காற்றில் கலப்பது செலவு. மரத்திலும் மண்ணிலும் கரிமமாகத் தங்குவது இருப்பு. நீருக்கும் இவ்வாறே ஒரு கணக்கு உண்டு. இவ்விரு கணக்குகளும் பிணைந்தவை. இலைத்துளை திறந்தால்தான் கரியமில வாயு உட்புகும். திறந்தவுடன் நீராவி வெளியேறும். மண்ணில் ஈரம் குன்றினால் துளை மூடிக்கொள்ளும், வளர்ச்சியும் தளரும். கணினி இக்கணக்கை ஒவ்வொரு நாளுக்கும் செய்து, நூறு ஆண்டுகளின் போக்கைச் சில மணி நேரத்தில் காட்டவல்லது.

அளவீடே அடிப்படை

மாதிரி கூறுவதை எவ்வாறு நம்புவது? கடந்த ஆண்டுகளின் நிலையை அதனைக் கொண்டு கணித்து, உண்மையான அளவீடுகளோடு ஒப்பிடுவர். பொருந்தாவிடின் மாதிரியைத் திருத்துவர். ஆதலால் நெடுங்கால அளவீடுகள் இன்றியமையாதவை. சார்லஸ் கீலிங் என்னும் அறிஞர் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த அது, இன்று 420ஐக் கடந்துவிட்டது.

வளிமண்டலத்தை அளக்கும் பணி நம் அருகிலும் நடைபெறுகிறது. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் உள்ள காதங்கியில், விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆய்வகம் இயங்குகிறது. அங்குள்ள பெரிய ராடார் 1024 ஏரியல்களைக் கொண்டு உயரத்தில் வீசும் காற்றின் திசையையும் வேகத்தையும் அளக்கிறது.

ஆய்வாளர் ஆகும் வழி

இயற்பியல், கணிதம், தாவரவியல், புவியியல் ஆகியவற்றுள் எதனைக் கற்றவரும் இத்துறைக்கு வரலாம். முதுநிலைப் பட்டத்திற்குப் பின் 'நெட்', 'கேட்' போன்ற தேர்வுகளில் தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்வது பொதுவான வழி. 'நெட்' வழியே இளநிலை ஆய்வு நல்கை பெறுவோருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது. எனவே, மேற்படிப்பு குடும்பத்திற்குச் சுமையாகும் என அஞ்ச வேண்டுவதில்லை. திருப்பதியில் 1954இல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 2015இல் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. பின்னதில் பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பின் நேரே ஐந்தாண்டுப் பட்டப்படிப்பிலும் சேரலாம்.

மாணவர்களே! கணினியை இயக்கும் அறிவு மட்டும் இவ்வாய்வுக்குப் போதாது. மலையேறி மரத்தின் சுற்றளவை ஆண்டுதோறும் அளக்கும் பொறுமையும் வேண்டும். செம்மரம் வளரும் மண்ணில் வாழும் உங்களுக்கு அவ்வாய்ப்பு அருகிலேயே உள்ளது.

அருஞ்சொற்பொருள்

வயிரம் – மரத்தின் உறுதியான உட்பகுதி
மதகு – ஏரிநீர் வெளியேறும் வழி
நல்கை – ஆய்வுக்கான உதவித்தொகை

பயிற்சி

1. செம்மரத்தின் வாழிடம் பற்றிய செய்திகளைத் தொகுத்து எழுதுக.
2. இலைத்துளை மூடும்போது மரத்தின் வளர்ச்சி தளர்வது ஏன்?
3. ஏரியில் 105 பங்கு நீர் உள்ளது. மழையின்றி, பாடத்தில் கூறிய செலவே நாள்தோறும் தொடர்ந்தால் எத்தனை நாளில் ஏரி வற்றும்? ஆவியாகும் அளவு மட்டும் இருமடங்கானால் எந்த நாளில் வற்றும்? இவ்விரு விடைகளிலிருந்து நீங்கள் அறிவது யாது?
4. உங்கள் பள்ளியில் உள்ள மரம் ஒன்றின் சுற்றளவை அளந்து, நாளுடன் குறித்து வைக்க. அடுத்த ஆண்டு அதே நாளில் மீண்டும் அளந்து ஒப்பிடுக.