எட்டில் மூன்று ஒருவரிடம்

கேள்வி: குத்துச்சண்டை வரலாற்றிலேயே பெரிய சாதனை எது என்று நண்பர்களுக்குள் தீராத வாக்குவாதம். ஒருவர், தோல்வியே காணாத ராக்கி மார்சியானோவின் 49 வெற்றிகள் என்கிறார். இன்னொருவருக்கு முகமது அலியைத் தவிர வேறு பெயரே வாயில் வராது. நான், எட்டு எடைப்பிரிவுகளில் பட்டம் வென்ற மேனி பாக்கியாவோவின் கட்சி. நீங்கள்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

- வாசகர், தூத்துக்குடி

பதில்: மூன்று பேருமே லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆனாலும் என் ஓட்டு நீங்கள் யாருமே சொல்லாத ஒருவருக்கு: ஹென்றி ஆம்ஸ்ட்ராங். ஃபெதர்வெயிட், வெல்டர்வெயிட், லைட்வெயிட் ஆகிய மூன்று உலகப் பட்டங்களையும் 1938இல் ஒரே சமயத்தில் கையில் வைத்திருந்த அமெரிக்கர்.

பட்டங்களை எண்ணினால் மட்டும் போதாது. அந்தக் காலத்தில் மொத்தம் எத்தனை பட்டம் இருந்தது என்றும் பார்க்க வேண்டும். இன்று பெரிய அமைப்புகளே நான்கு. எடைப்பிரிவுகளோ 17க்குக் குறையாது. ஒரே எடையில் நான்கு பேர் 'உலக சாம்பியன்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆம்ஸ்ட்ராங் காலத்தில் முக்கியமான எடைப்பிரிவுகள் எட்டுதான். பெரும்பாலும் எடைக்கு ஒரே சாம்பியன். அந்த எட்டில் மூன்று அவரிடம் இருந்தன.

அதையும் பத்தே மாதங்களில் முடித்தார். 1937 அக்டோபரில் பீட்டி சாரனை ஆறாவது ரவுண்டில் வீழ்த்தி ஃபெதர்வெயிட் பட்டம் வென்றார். அதன் எடை வரம்பு 126 பவுண்டு. அடுத்து இடையிலிருந்த லைட்வெயிட்டைத் தாண்டி, 147 பவுண்டு வெல்டர்வெயிட் சாம்பியன் பார்னி ராஸை எதிர்த்தார். உடல் எடை காட்ட வேண்டுமே என்று தண்ணீரைக் குடித்துக் குடித்து எடை பார்க்கப் போனவர் அவர். 1938 மே 31 அன்று, தன்னைவிடக் கனமான ராஸை 15 ரவுண்டும் புரட்டி எடுத்தார். சண்டையை நிறுத்தக் கூடாது என்று பிடிவாதமாகக் கடைசி மணி வரை நின்ற ராஸ், அதற்குப் பிறகு போட்டிக்காக ரிங்கில் ஏறவே இல்லை.

ஆகஸ்ட் 17 அன்று லூ ஆம்பர்ஸுடன் லைட்வெயிட் சண்டை. ஆம்ஸ்ட்ராங்குக்கு வாய் கிழிந்து ரத்தம் கொட்டியது. இப்படியே போனால் நிறுத்திவிடுவேன் என்று நடுவர் எச்சரிக்க, ரத்தத்தைத் துப்பாமல் விழுங்கிக்கொண்டே மீதி ரவுண்டுகளை ஆடினார். நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில் மூன்றாவது பட்டமும் வந்தது. மூன்றையும் சேர்த்து வைத்திருந்தது சில மாதங்கள்தான் என்பது உண்மை. ஃபெதர்வெயிட்டை அவரே விட்டுக்கொடுத்தார். ஆனால் 1940இல் மிடில்வெயிட் பட்டத்துக்கும் போய், பிலிப்பைன்ஸ் வீரர் செஃபெரினோ கார்சியாவுடன் சமன் செய்தார். அந்த ஒரு தீர்ப்பு மாறியிருந்தால் நான்கு எடைகளில் சாம்பியன்.

இனி உங்கள் மூவருக்கு வருகிறேன். மார்சியானோவின் கணக்கில் கறை இல்லை. ஆனால் அவர் வென்ற பெரிய பெயர்களில் ஜோ லூயிஸுக்கு அப்போது 37 வயது, ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38. அலி 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தியதை மிகப் பெரிய ஒற்றை இரவு என்று ஒப்புக்கொள்வேன். ஹெவிவெயிட் சாதனைதான் வேண்டுமென்றால், 1937 முதல் 1949 வரை பட்டத்தை 25 முறை காத்துக்கொண்ட லூயிஸைச் சொல்வேன். பாக்கியாவோ 112 பவுண்டில் தொடங்கி 154 பவுண்டுப் பட்டம் வரை ஏறியது அசாத்தியம். ஆனால் 1998 முதல் 2010 வரை, ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்தபடி ஏறினார். ஆம்ஸ்ட்ராங் எதையும் விடாமல் மூன்றையும் சேர்த்துப் பிடித்தார். அதற்குப் பிறகு எவராலும் அது முடியவில்லை.

எனவே முதலிடம் ஆம்ஸ்ட்ராங்குக்கு, இரண்டாம் இடம் பாக்கியாவோவுக்கு. உங்கள் மூவரில் தீர்ப்புக்கு நெருக்கமாக வந்தது நீங்கள்தான்.