தறிக்குழிக்குத் திரும்பும் கால்



வாலாஜாபாத்திலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் தறிச் சத்தம் கேட்கும் வீடுகளுக்கு ஜெபிக்கச் செல்கையில் நாங்கள் கவனித்த ஒன்று உண்டு. குழித்தறியில் நெய்கிறவர் கையால் மட்டும் நெய்வதில்லை. குழிக்குள் இருக்கும் கால்கள் மாறி மாறி மிதியை அழுத்தினால்தான் பாவு பிரிந்து நாடாவுக்கு வழிவிடும். ஆகவே காலில் சார்கோமா என்னும் புற்றுநோய் கண்டு, சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நெசவாளி எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஐயா, நான் இனித் தறியில் உட்காரலாமா?" என்பதே. இம்மாதப் பாடமாக இந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

சார்கோமா எலும்பிலோ, தசை, கொழுப்பு போன்ற மெல்லிய திசுக்களிலோ தோன்றுவது. எலும்பில் வருவது பெரும்பாலும் வளரும் பிள்ளைகளை, அதிலும் முழங்காலை ஒட்டியே தாக்குகிறது. முற்காலத்தில் காலை எடுத்துவிடுவதே வழியாக இருந்தது. இன்று பலருக்குக் காலைக் காப்பாற்றியே சிகிச்சை செய்ய முடிகிறது. சென்னையில் எலும்பு அறுவை மருத்துவர் மயில்வாகனன் நடராஜன், 1980களின் இறுதியிலிருந்து, நோயுற்ற எலும்பை அகற்றி நோயாளியின் அளவுக்கே செய்த உலோக எலும்பைப் பொருத்தும் முறையை நம் நாட்டில் வளர்த்தார். 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆனால் காப்பாற்றப்பட்ட கால் தானாக நடந்துவிடாது. வீட்டார் அன்பு மிகுதியால், "அசையாதே, நோய் திரும்பிவிடும்" என்று கட்டிலிலேயே இருத்திவிடுகிறார்கள். பிரியமானவர்களே, அளவான உடற்பயிற்சியால் புற்றுநோய் திரும்புவதில்லை. அசையாத கால்தான் மெலிகிறது, மூட்டு இறுகுகிறது. கதிர்வீச்சு பெற்ற இடத்தில் தோலும் தசையும் கெட்டிப்படுவதால் அங்கே அசைவு இன்னும் அவசியம். மருந்துச் சிகிச்சைக்குப் பின் வரும் தீராத சோர்வையும் அன்றாடச் சிறு நடை குறைக்கிறது.

திரும்பும் பாதை படிப்படியானது. எந்தப் படி எப்போது என்பதை அறுவை செய்த மருத்துவரே சொல்லவேண்டும்.

1. கட்டிலில்: முழங்காலின் கீழ் மடித்த துண்டை வைத்துக் காலால் அழுத்தித் தளர்த்துதல், பாதத்தை மேலும் கீழும் அசைத்தல்.

2. வீட்டில்: ஊன்றுகோலோடு வாசல் வரை நடை; பின்பு படிகள்.

3. தறிக்கு அருகில்: தார் சுற்றுவது போன்ற உட்கார்ந்து செய்யும் வேலை.

4. தறியில்: முதலில் சிறிது நேரம் மட்டும். மறுநாள் கால் வீங்கினால் ஒரு படி பின்வாங்குதல்.

உலோக மூட்டு உள்ளவருக்குச் சம்மணமிடுவதும் குந்துவதும் கடினம். குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருவது நாற்காலியில் அமர்வது போன்றது. இறங்கி ஏறுவதுதான் சிரமம். ஒரு படிக்கட்டும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பும் வைத்தால் பெரும் உதவியாகும். ஓட்டமும் குதித்தலும் அவருக்கு வேண்டாம். காலை இழந்தவர் மீதமுள்ள காலின் கீழ் தலையணை வைத்து மடக்கிப் படுக்கலாகாது. மூட்டு இறுகினால் செயற்கைக் கால் பொருந்தாது.

சில மருந்துகள் இருதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடும். ஆகவே கடின வேலைக்கு முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. புதிய வலி, புதிய கட்டி, இரவில் விடாத வலி, காரணமில்லாத இருமல், மூச்சுத்திணறல் இவை தோன்றினால் உடனே வரவேண்டும். சார்கோமா நுரையீரலுக்குப் பரவக்கூடியது. எண்ணெய் தேய்த்து உருவிவிடச் சொல்லி எவரிடமும் காலைக் கொடுக்கவேண்டாம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸை நம்மில் மூத்தவர்கள் அறிவோம். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வுச் சிகிச்சையைத் தம் துறையாக்கிக்கொண்டார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உயிரைக் காத்தபின் வாழ்வையும் திருப்பிக் கொடுப்பதே சிகிச்சையின் மறுபாதி என்பதை அவர் தம் உடலாலேயே கற்பித்தார்.

யாக்கோபு பெனியேலைக் கடந்தபோது நொண்டி நொண்டியே நடந்தான், ஆனாலும் நடந்தான். நொண்டுவது தோல்வி அல்ல.

அன்பர்களே, அறுவைக்கு உதவி கேட்டால் பலர் தருகிறார்கள். அதற்குப் பின்வரும் மாதங்களின் பேருந்துக் கட்டணமும், ஊன்றுகோலும், பயிற்சியாளரின் நேரமும் யார் நினைவுக்கும் வருவதில்லை. வாரம் இருமுறை பயிற்சிக்கு வர ஒருவருக்குப் பணமில்லாமற்போனால், காப்பாற்றிய காலும் கட்டிலிலேயே கிடக்கும். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை இந்த மறுபாதிக்கென நினைத்து அனுப்புங்கள். அந்த வீடுகளில் தறிச் சத்தம் மீண்டும் கேட்கும் நாளுக்காக எங்களோடு ஜெபியுங்கள்.