இடித்தவர் வண்டியின் இன்சூரன்ஸ் உங்களுக்காகத்தான்

கல்பாத்தித் தேருக்கு ஊர் திரும்பும் பிள்ளைகளில் பலர் இப்போது சொந்தக் காரில் வருகிறார்கள். வாளையார், கஞ்சிக்கோடு, சந்திரநகர் என்று வரும் அந்த நெடுஞ்சாலையில் லாரியும் பஸ்ஸும் எப்படிப் பறக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். பாலக்காடு கோர்ட்டில் விபத்து வழக்குகளுக்கு மனு எழுதியே வயதானவன் நான். அடிபட்டு என்னைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் தங்கள் உரிமையை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அது எனக்குத் தாங்கவில்லை. புதிதாக வண்டி எடுத்த கிராமத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. ரோட்டில் நின்று கணக்குத் தீர்க்காதீர்கள். இடித்தவர் இரண்டாயிரம், மூவாயிரம் நீட்டுவார். சுற்றி நிற்பவர்கள் "வாங்கிட்டுப் போங்கோ" என்பார்கள். பம்பருக்குப் பின்னால் ரேடியேட்டர் உடைந்திருப்பது ஒர்க்‌ஷாப்பில்தான் தெரியும். பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் காகிதம் உங்களுக்கு எதிராகவே கோர்ட்டுக்கு வரும். வண்டிகளை நகர்த்துமுன் படம் எடுங்கள்: இரண்டு நம்பர் பிளேட், வண்டிகள் நின்ற நிலை, டயர் தேய்ந்த தடம், சாலையின் அகலம். பார்த்தவர் ஒருவரின் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி இன்சூரன்ஸ், எதுவரை செல்லும் என்பது எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டாலே தெரியும்.

2. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகக் கூச்சப்படாதீர்கள். வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் ஜி.டி. (ஜெனரல் டைரி) என்ட்ரி போதும், கேரளத்தில் அதைத் 'துணா' இணையதளம் வழியாகவும் வாங்கலாம். யாருக்காவது காயம் என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் வேண்டும். அதன் பிறகு சம்பவ இடத்து மகஸர், மோட்டார் வாகன இன்ஸ்பெக்டரின் பரிசோதனை அறிக்கை, காயச் சான்றிதழ், சார்ஜ் ஷீட் எல்லாம் வரிசையாக வரும். 2022 முதல் அமலில் உள்ள விதிப்படி போலீஸ் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தார்களா என்று நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். போலீஸ் தொந்தரவு வேண்டாம் என்று பயந்து, "வழுக்கி விழுந்தேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி ரெஜிஸ்டரில் ஏறிவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் வருஷக்கணக்கில் அதையே பிடித்துக்கொண்டு நிற்பார். எந்த வண்டி, எங்கே, எத்தனை மணிக்கு இடித்தது என்பதை முதல் டாக்டரிடமே சொல்லுங்கள். கையில் பணமில்லை என்றும் தயங்க வேண்டாம். 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், அங்கீகரித்த ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாமல் சிகிச்சை கிடைக்கும்.

3. கார் சேதத்துக்கு இரண்டு வழி உண்டு. உங்களிடம் முழுக் காப்பீடு இருந்தால், உங்கள் கம்பெனியிடமே வாங்கிக்கொள்வது சீக்கிரம் முடியும். ஆனால் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 1000 ரூபாயும், அதற்கு மேல் 2000 ரூபாயும் கட்டாயமாகக் கழிப்பார்கள். பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலைதான். 50 சதவீதம் வரை சேர்த்து வைத்த நோ கிளெயிம் போனஸும் போய்விடும். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. ஆனால் உங்கள் கம்பெனி தராமல் விட்ட மீதியை இடித்தவரிடமும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் கேட்கலாம்; இது பலருக்குத் தெரியவில்லை.

உங்களிடம் தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் முழுச் சேதத்தையும் இடித்தவரின் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். கார், லாரி பாலிசிகளில் பிறர் சொத்துச் சேதத்துக்குப் பொதுவாக ஏழரை லட்சம் வரை காப்பு உண்டு. பிரீமியம் குறையட்டும் என்று அதை 6000 ரூபாயாகச் சுருக்கியவர்களும் இருக்கிறார்கள். மீதியை அந்த உரிமையாளர் கையிலிருந்துதான் வாங்க வேண்டும். வண்டியை ரிப்பேருக்கு விடுமுன் சர்வேயரை வைத்து மதிப்பீடு எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களையும் பில்களையும் எறியாதீர்கள்.

4. உடம்புக்கு அடி என்றால் மருந்துச் செலவோடு கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். இழந்த வருமானம், துணைக்கு இருந்தவரின் செலவு, வேதனை, இனிமேல் செய்ய முடியாமல் போன வேலை எல்லாவற்றுக்கும் இழப்பீடு உண்டு. நம் கிராமங்களில் தேகண்டத்துக்கு, அதாவது கல்யாணச் சமையலுக்கு, போகிறவர் எத்தனையோ பேர். ஒரு தேகண்டக்காரரின் வலது கை மடங்காமல் போனால், மெடிக்கல் போர்டு 30 சதவீதம் ஊனம் என்று எழுதலாம். ஆனால் அவருக்குப் போனது பிழைப்பு முழுவதும். 2010-இல் ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: உடல் ஊனத்தின் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. சம்பளச் சீட்டு இல்லையே என்று இப்படிப்பட்டவர்கள் ஒடுங்கிப் போவதைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது. கல்யாண வீட்டுக்காரர்கள் கூகுள் பேயில் அனுப்பிய பணம், வேலை குறித்த டைரி, கூட வேலை செய்தவரின் சாட்சி எல்லாம் சான்றுதான்.

5. பயணியாக இருந்தவர் யார் மேல் தப்பு என்று அலைய வேண்டாம். 2022 அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரி அருகே, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய டூரிஸ்ட் பஸ் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். சீட்டில் உட்கார்ந்திருந்தவர் என்ன பிழை செய்தார்? இரண்டு டிரைவர்மீதும் தப்பு இருந்தாலும், பயணி முழு இழப்பீட்டையும் இருவரில் ஒருவரிடமே கேட்கலாம் என்று 2015-இல் கென்யேய் வழக்கில் தீர்ப்பு உண்டு. பங்கு பிரிப்பது அவர்கள் பாடு.

6. ஆறு மாதம். இழப்பீட்டு மனுவுக்கு 1994 முதல் கால வரம்பே இல்லாமல் இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் திரும்பிவிட்டது. கோயம்புத்தூரில் அடிபட்டாலும் நீங்கள் குடியிருப்பது கல்பாத்தி என்றால் பாலக்காட்டிலேயே மனு போடலாம்.

7. "டிரைவருக்கு லைசன்ஸ் சரியில்லை" என்று கம்பெனி சொன்னதும் மனம் உடைந்துவிடாதீர்கள். பல வழக்குகளில் கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாகிறது. இடித்தவர் நிற்காமல் ஓடிவிட்டால் அதற்கும் தனி நிதி உண்டு: மரணத்துக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000.

8. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து, "எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் ஏஜெண்டுகளை அண்டவிடாதீர்கள். உங்களுக்கு வர வேண்டிய தொகையில் பங்கு கேட்பவர்கள் அவர்கள். மாவட்டச் சட்டப்பணி ஆணையத்தில் தகுதியுள்ளவர்களுக்கு வக்கீலை இலவசமாகவே தருவார்கள்.

9. லோக் அதாலத்தில் சமரசம் பேசலாம், சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டதன்மேல் அப்பீல் கிடையாது. ஆகவே சிகிச்சை முடிந்து, ஊனம் எவ்வளவு என்று தெரிந்த பிறகே உட்காருங்கள். இன்னும் ஒரு ஆபரேஷன் பாக்கி இருக்கிறது என்று டாக்டர் சொன்னால், அதற்கான செலவு மதிப்பீட்டை எழுதி வாங்கி, அந்தக் காகிதத்தோடு போங்கள்.