மவுஸ் சார்ஜ் தீருமுன்...

வயர்லெஸ் மவுஸ் பாதி வேலையில் நின்றுபோகாமல் இருக்க, அதன் பேட்டரி அளவைத் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

* புளூடூத் மவுஸா? விண்டோஸ் 11 செட்டிங்ஸில் ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’ பக்கத்தைத் திறந்தால், பெரும்பாலும் மீதமுள்ள சதவீதம் தெரியும்.

* யுஎஸ்பி ரிசீவர் செருகும் மவுஸுக்கு அங்கே பொதுவாக அளவு தெரியாது. அதைப் பார்க்க, தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே மென்பொருளை இறக்குங்கள். லாஜிடெக் மவுஸை லினக்ஸில் பயன்படுத்துவோருக்கு ‘சோலார்’ (Solaar) என்ற மென்பொருள் உதவும்.

* மென்பொருளின் ஐகான் டாஸ்க்பாரில் மேல்நோக்கிய அம்புக்குறிக்குள் ஒளிந்திருந்தால், வெளியே இழுத்து வையுங்கள். கடிகாரத்தின் அருகே எப்போதும் கண்ணில் படும்.

* ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் செல் 1.5 வோல்ட். அதனால் ரீசார்ஜ் செல் போட்டால், முழு சார்ஜிலும் அளவு குறைவாகக் காட்டலாம்.

* நெடுநாள் வெளியூர் போகிறீர்களா? செல்லைக் கழற்றிவிடுங்கள், கசிந்து மவுஸைக் கெடுக்காது.