நங்கூரம் இருந்தால் பர்மிங்காமா?

பழைய நகைக் கவுன்டரில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர் லென்ஸில் 925 தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். 925 என்பது மாற்று. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, அவ்வளவுதான். ஜெய்ப்பூரிலும் அந்த எண்ணை அடிப்பார்கள், பாங்காக்கிலும் அடிப்பார்கள். ஊரைத் தெரிந்துகொள்ள, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிப் படத்தைப் பார்க்க வேண்டும்.

பத்து மடங்கு லென்ஸ் போதும். மோதிரத்தில் உள்வளையம், புரோச்சில் ஊசியை ஒட்டிய பின்பக்கம், சங்கிலியில் கொக்கிப் பக்கம். முத்திரை மங்கலா? வாயால் ஊதி லேசாக ஆவி படியவிட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். கோடுகள் எழுந்து வரும். பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள். தேய்க்கத் தேய்க்க முத்திரையும் கரையும்.

பயிற்சியை இங்கிலாந்து முத்திரைகளில் தொடங்குங்கள்; அவ்வளவு ஒழுங்கான வரிசை வேறு எங்கும் இல்லை. முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் வெள்ளி. அடுத்து ஊர்ச் சின்னம்: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம், கிரீடம் ஷெஃபீல்டு (1975 முதல் ரோஜா), கதிர்க்கட்டுகளும் வாளும் செஸ்டர். ஆண்டைக் குறிக்கும் எழுத்தைக் கடைசியில் பாருங்கள். ஒரே எழுத்து லண்டனில் ஓர் ஆண்டையும் பர்மிங்காமில் வேறோர் ஆண்டையும் குறிக்கலாம். எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவமும் கணக்கில் சேரும். ஊர் தெரியாமல் ஆண்டைச் சொல்ல முடியாது.

இங்கேதான் கவனம் வேண்டும். ஊர்ச் சின்னம் நகையைச் சோதித்த ஊரைச் சொல்கிறது, செய்த ஊரை அல்ல. சார்லஸ் ஹார்னர் நிறுவனம் ஹாலிஃபாக்ஸில் இருந்தது. அதன் தொப்பி ஊசிகளிலும் விரலுறைகளிலும் செஸ்டர் முத்திரையைக் காணலாம். செய்தவரை அறிய, தயாரிப்பாளரின் முதலெழுத்துகளைத் தனியே படிக்க வேண்டும். இன்னும் ஒன்று: பர்மிங்காம் சோதனை அலுவலகம் 2016-இல் மும்பையிலேயே முத்திரையிடத் தொடங்கியது. வெளிநாட்டில் இடும் முத்திரைக்கு வேறு அடையாளம் வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது.

மற்ற நாடுகளுக்கு இவ்வளவு போதும். பிரான்ஸில் 1838 முதல் மினெர்வா தேவியின் தலை. சிறு நகைகளில் பாரிஸ் என்றால் பன்றித் தலை, வெளி மாவட்டங்கள் என்றால் நண்டு. ஜெர்மனியில் 1888 முதல் பிறையும் கிரீடமும், கூடவே பெரும்பாலும் 800. இத்தாலியில் 1968-க்குப் பிறகு நட்சத்திரம், ஓர் எண், மாகாணத்தின் ஈரெழுத்து, ஏ.ஆர். என்றால் அரெட்ஸோ. அமெரிக்காவில் அரசுச் சோதனை அலுவலகம் கிடையாது; படமே இல்லாமல் ‘ஸ்டெர்லிங்’ என்ற சொல் மட்டும் இருந்தால் முதலில் அந்த நாட்டை நினையுங்கள். இந்தியாவில் வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, பி.ஐ.எஸ். முத்திரையோடு நகைக்கு நகை மாறும் ஹெச்.யு.ஐ.டி. அடையாள எண் வருவது 2025 செப்டம்பரிலிருந்துதான். சென்னையின் பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பழைய கடைகள் தங்கள் பெயரையே அடித்தன. அந்த நகைகளில் சிங்கத்தைத் தேடிப் பயனில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கனத்த சங்கிலியை ‘இத்தாலி’ என்று எழுதிக் கொடுத்தேன். ஏ.ஆர். முத்திரை கொக்கியில் பளிச்சென்று இருந்தது. மூத்த ஆசாரி ஒருவர் கொக்கிக்கு அடுத்த கண்ணியைத் திருப்பிக் காட்டினார். பற்றவைத்த தடம் புதிதாக இருந்தது. அறுந்த சங்கிலிக்கு யாரோ மாற்றிய கொக்கி அது. அன்று முதல் முத்திரை இருக்கும் பாகமும் நகையின் உடலும் ஒரே நிறமா, ஒரே தேய்மானமா என்று பார்க்காமல் நான் எழுதுவதில்லை. நீங்களும் ரசீதில் ‘பர்மிங்காமில் செய்தது’ என்று எழுதாமல், ‘பர்மிங்காம் முத்திரை உள்ளது, மோதிரத்தின் உட்புறம்’ என்று எழுதுங்கள்.

முத்திரையே இல்லாத சின்னக் கம்மலை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். பிரிட்டனில் 7.78 கிராமுக்குக் குறைந்த வெள்ளிக்கு ஹால்மார்க் தேவையில்லை. எடை போட்டுப் பார்த்துவிட்டு, உரைகல்லை எடுங்கள்.