வளர்ப்புப் பிள்ளையின் உள்ளம்

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் ஆபுத்திரன் என்னும் சிறுவனது வரலாறு வருகிறது. ஈன்ற தாய் அவனைப் பிறந்தவுடனே ஒரு தோட்டத்தில் இட்டு நீங்கினாள். பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டி அவனைக் காத்தது. பின்னர் அவ்வழியே வந்த இளம்பூதி என்னும் அந்தணன் அக்குழந்தையைத் தன் மகனாகவே கொண்டு, கல்வி பயிற்றி வளர்த்தான். ஆண்டுகள் கழிந்தன. வேள்வியில் பலியிடுதற்குக் கட்டியிருந்த பசு ஒன்றை ஆபுத்திரன் இரவில் அவிழ்த்துச் சென்றான். அந்தணர் அவனைப் பிடித்து அடித்தனர். அவனது பிறப்பைச் சொல்லி இகழ்ந்தனர். அவ்வேளையில் வளர்த்த தந்தையும் அவனைத் தன் மனையினின்று விலக்கினான். அடிபட்ட வலியினும் இந்த இரண்டாம் பிரிவே அவனுக்குப் பெருந்துயராய் இருந்திருக்கும் அன்றோ?

கொங்கு நாட்டில் தாய் தந்தையரை இழந்த குழந்தையை அப்பச்சியும் அம்மாயியும் மாமனும் அணைத்து வளர்ப்பது வழக்கம். ஆயினும் எல்லாக் குழந்தைக்கும் அத்தகைய உறவு வாய்ப்பதில்லை. கோவை, திருப்பூர் ஆலைகளை நாடித் தொலைவூர்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. அத்தகைய வீட்டில் பெற்றோர் இறப்பினும், தீராத நோயுறினும், அருகில் தாங்குவார் அரியர். அந்நிலையிலுள்ள குழந்தைகளைத் தகுதியுடைய வேறொரு குடும்பத்தில் சில காலம் வாழச் செய்யும் ஏற்பாட்டிற்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு வழி செய்துள்ளது. மாவட்டந்தோறும் அமைந்த குழந்தைகள் நலக் குழு குழந்தையை அக்குடும்பத்தினிடம் ஒப்படைக்கிறது. திங்கள்தோறும் அவ்வீட்டைப் பார்வையிடவும் கடமைப்பட்டுள்ளது. இது தத்தெடுத்தல் அன்று. பெற்றோரின் நிலை சீரடையின் குழந்தை தன் வீடு திரும்பலாம்.

உணவும் உடையும் அளித்துவிட்டால் கடமை முடிந்தது என்று சிலர் கருதுவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1941ஆம் ஆண்டு முதல், ஆன்னா பிராய்டு என்னும் அம்மையார் இலண்டனில் குழந்தைகள் காப்பகங்களை நடத்தினார். குண்டுமழையைக் காட்டிலும் தாயைப் பிரிந்த துயரமே சிறு குழந்தைகளை மிகுதியாக வாட்டுவதை அவர் கண்டார். ஆதலின் குழந்தைகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரு செவிலித்தாயின் பொறுப்பில் விட்டார். அன்பு காட்டுவோர் பலர் மாறி மாறி வருதலினும், மாறாத ஒருவர் உடனிருத்தலே குழந்தைக்கு வேண்டுவது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

புதிய வீட்டிற்கு வந்த சிறுவன் ஒருவன் தட்டிலுள்ள இட்டிலியில் ஒன்றை எடுத்துத் தலையணையின் கீழ் ஒளித்து வைப்பதாகக் கொள்வோம். அது திருட்டு அன்று. நாளை உணவு கிடைக்குமோ என்னும் அச்சம். சிறு பிழைகளை வேண்டுமென்றே செய்து, "இவர்களும் என்னை அனுப்பிவிடுவார்களோ?" என்று அவன் சோதித்துப் பார்த்தலும் உண்டு. அப்பொழுது, "உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுதல் புண்ணில் வேல் பாய்ச்சுவது போலாம். "இது தவறு கண்ணு; ஆனாலும் நீ இங்கேதான் சாப்பிடுவாய், இங்கேதான் உறங்குவாய்" என்னும் சொல்லே அவனுக்கு மருந்து.

மற்றொன்றும் உண்டு. அக்குழந்தை தன் தாயை நினைத்து அழுதால், அது வளர்ப்போர்க்குச் செய்யும் நன்றிக்கேடு ஆகாது. ஒருவரிடம் அன்பு கொள்வதற்கு மற்றொருவரை மறக்க வேண்டுவதில்லை. தக்க காரணம் தடுத்தாலன்றி, பெற்றோர் குழந்தையைக் கண்டு செல்லவும் சட்டம் இடம் தருகிறது. உடன்பிறந்தாரை ஒருங்கே வைத்தற்கு முயலவேண்டும் என்றும் கூறுகிறது. வளர்ப்போரை 'அம்மா' என்பதா, 'பெரியம்மா' என்பதா, 'அத்தை' என்பதா என்பதை அக்குழந்தையே தெரிந்துகொள்ளட்டும்.

மாணவர்களே! இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் வகுப்பில் அத்தகைய தோழன் ஒருவன் இருக்கலாம். "உன் சொந்த அப்பா அம்மா எங்கே?" என்று பலர் நடுவே வினவாதீர்கள். அவனாகச் சொல்லின் பொறுமையுடன் கேளுங்கள்; கேட்டதை ஊரெல்லாம் பரப்பாதீர்கள். அவனுக்குத் தீங்கு நேர்வதாக அறிந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணிற்கும் அறிவிக்கலாம். விளையாட்டில் முதலில் அவன் பெயரை அழையுங்கள்.

விரட்டப்பட்ட ஆபுத்திரன் மதுரைக்குச் சென்று, இரந்து பெற்ற உணவைக் கண்ணிலார்க்கும் காலிலார்க்கும் ஆதரவற்றோர்க்கும் முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டான் என்று காப்பியம் கூறுகிறது. அத்துணை ஈரம் நிறைந்த நெஞ்சினன் அவன். அவன் பிறப்பைச் சொல்லி இகழ்ந்தவர் நடுவே, "இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. அச்சொல்லைச் சொல்லும் வாய்ப்பு நமக்கு இன்று உளது.